விரலுக்குத் தக்க வீக்கம்
மூன்றாம் ஆண்டு, இயற்பியல்

நம் கல்லூரி மிதிவண்டிக் கொட்டகையில் நிற்பவற்றுள் பெரும்பாலானவை, பதினொன்றாம் வகுப்பில் அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டிகளே. அவற்றின் நடுவே அண்மைக்காலமாக, ஆட்டுக்கிடாவின் கொம்பு போல் வளைந்த கைப்பிடியும் மெல்லிய டயரும் கொண்ட 'ரோடு பைக்' ஒன்றிரண்டு தலைகாட்டுகின்றன. சுற்றிலும் எப்போதும் ஒரு கூட்டம்! "என்ன விலை? எத்தனை கியர்? எடை எவ்வளவு?" என்பனவே கேள்விகள். "உன் உடம்புக்கு இது பொருந்துகிறதா?" என்று கேட்டவரை நான் கண்டதில்லை. முதலில் கேட்க வேண்டியது அதுதான் என்பது என் கருத்து.

இது ஏட்டில் படித்து வந்த கருத்தன்று. முழங்கால் வலி கற்றுத் தந்தது. சென்ற ஆண்டு ஜூலையில், பெரியப்பா மகனின் ரோடு பைக்கை இரவல் வாங்கித் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் புறப்பட்டேன். தொலைவு ஏறத்தாழ 80 கி.மீ. அண்ணன் என்னைவிட அரை அடி உயரம். கைப்பிடி எட்டவில்லை என்று இருக்கையைத் தாழ்த்தி முன்னே தள்ளிக்கொண்டேன். விலையுயர்ந்த வண்டி, தானே ஓடும் என்ற நினைப்பு! நாங்குநேரி தாண்டுமுன் தோள்கள் மரத்தன. பணகுடிக்கு அப்பால் மேல்காற்று முகத்தில் அறைந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் அந்தக் காற்றை நம்பித்தானே முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன! அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. காவல்கிணற்றில் முழங்கால் மடங்க மறுத்தது. சரக்கு ஆட்டோவில் வண்டியோடு நானும் சரக்காகத் திரும்பினேன்.

எடை குறைந்த வண்டிக்காகப் பணத்தைக் கொட்டுவோர் சற்றுக் கணக்குப் பார்க்க வேண்டும். ஓட்டுபவர் 60 கிலோ, வண்டி 10 கிலோ, மொத்தம் 70. வண்டியில் இரண்டு கிலோ குறைந்தால் மொத்தத்தில் குறைவது நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. மலையேறும்போது அதனால் சிறிது பயன் உண்டு. சமவெளியில் வேகம் 20 கி.மீட்டரைத் தாண்டினால் நம் பெரும்பகை காற்றே. வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும்! ஆகவே பொருந்தாத இலேசான வண்டியைவிடப் பொருந்திய கனத்த வண்டியே மேல்.

பொருத்தம் பார்ப்பது கடினமன்று. செருப்பின்றிச் சுவரோடு நின்று, தரையிலிருந்து கவட்டு வரை அளந்து, 0.883-ஆல் பெருக்குங்கள். 80 செ.மீ. என்றால் 70.6 வரும். மிதிகளின் நடு அச்சிலிருந்து இருக்கையின் மேற்பரப்பு வரை ஏறத்தாழ அவ்வளவு உயரம் வேண்டும். முழங்கையைச் சற்றே மடக்கிய நிலையில் கைப்பிடி எட்ட வேண்டும். நம் சாலைகளுக்கு 28 அல்லது 32 மி.மீ. டயர் நல்லது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏற ஆசைப்படுவோர், கியர்களின் எண்ணிக்கையைப் பாராமல், மிக இலகுவான கியர் எவ்வளவு இலகு என்று பார்க்கட்டும்.

வண்டியைப் போலவே பயணமும் நமக்குப் பொருந்த வேண்டும். பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்னும் நெடும்பயணம் 1891-இல் தொடங்கியது. இன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது. தொலைவு ஏறத்தாழ 1,200 கி.மீ.; உச்ச வரம்பு 90 மணி. உணவும் உறக்கமும் சேர்த்து மணிக்குப் பதினான்கு கி.மீ. கூட வேண்டியதில்லை! நெடும்பயணத்துக்கு வேகத்தைவிட நிதானமே வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? எந்த மாதத்தில் காற்று எத்திசையில் வீசும், வெயில் ஏறுமுன் எங்கே சேரலாம், தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று முதல்நாளே குறித்துக்கொள்ளுங்கள். உபரி டியூப், பம்பு, பஞ்சர் ஒட்டும் பொருள்கள், தலைக்கவசம், பின்விளக்கு ஆகியவை இன்றிப் புறப்படாதீர்கள். தாகம் வருமுன் குடியுங்கள். பசி வருமுன் ஒரு கடலைமிட்டாயாவது தின்னுங்கள்.

அப்படியானால் ரோடு பைக்கே வேண்டாமா என்று நண்பர்கள் கேட்கலாம். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? எதிர்க்காற்றில் கியரின் அருமை எனக்கும் தெரியும். ஆனால் தந்தையின் பல மாதக் கூலியைத் தவணையாகக் கட்டி வாங்கிய வண்டி, மூன்றே மாதத்தில் தூசி படிந்து நிற்பதை நம் கொட்டகையிலேயே காணலாம். முதலில் இருக்கும் வண்டியின் இருக்கையைச் சரியாக உயர்த்தி, 30, 40, 60 என்று போய்ப் பாருங்கள். எத்தகைய வண்டி தேவை என்று உங்கள் உடம்பே சொல்லும்.

இந்த ஆண்டு தை மாதத்தில், விடியுமுன், அரசு தந்த கியர் இல்லாத வண்டியில் அதே சாலையில் மீண்டும் புறப்பட்டேன். வாடைக்காற்று முதுகைத் தள்ளியது. காவல்கிணற்றில் மோர் குடித்தேன். எட்டு மணி நேரத்தில் நாகர்கோவில் வந்தது. வழியில் ரோடு பைக்கில் சிலர் என்னை முந்திச் சென்றனர். அதனால் எனக்கு ஒரு குறையும் நேரவில்லை.