கூடுதல் பாடவேளை: சேமிப்பா, கடனா?

ஓர் ஆசிரியர் தமக்கு விதிக்கப்பட்ட பாடவேளைகளுக்கு மேலும் வகுப்பெடுக்கிறார். அந்தக் கூடுதல் உழைப்புக்கு ஈடாகப் பணம் தரலாம், விடுப்பு தரலாம், ஒன்றும் தராமலும் இருந்துவிடலாம். நம் கல்லூரிகள் பெரும்பாலும் மூன்றாவது வழிக்குப் பழகிவிட்டன. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலச் சமுதாயக் கல்லூரிகள் பலவற்றில் இரண்டாவது வழி முறையான ஏற்பாடாகவே இருக்கிறது. கூடுதல் பாடவேளைகளைக் கணக்கில் சேர்த்துவைத்து, பின்னர் ஊதியத்துடன் கூடிய விடுப்பாக எடுத்துக்கொள்ளும் அம்முறையை அங்கே ‘லோடு பேங்கிங்’ என்கிறார்கள். பணிச்சுமைச் சேமிப்பு என்று நாம் சொல்லலாம். அதில் நாம் கற்க வேண்டியதும் உண்டு. அஞ்ச வேண்டியதும் உண்டு.

கணக்கு எப்படி நடக்கிறது?

கலிபோர்னியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட அரசு சமுதாயக் கல்லூரிகள், 73 கல்லூரி மாவட்டங்களின் நிர்வாகத்தில் இயங்குகின்றன. முழுநேர ஆசிரியரின் பணிச்சுமை பொதுவாகப் பருவம் ஒன்றுக்கு வாரம் 15 விரிவுரை மணி நேரம். ஆய்வக வகுப்புக்குத் தனிக் கணக்கு உண்டு. ஒருவர் பருவந்தோறும் 3 மணி நேரப் பாடம் ஒன்றைக் கூடுதலாக நடத்தி, அதற்கான ஊதியத்தைப் பெறாமல் சேமித்தால், ஐந்து பருவங்களில் 15 மணி நேரம் சேர்ந்துவிடும். ஆறாவது பருவத்தில் முழு ஊதியத்துடன் அவர் விடுப்பில் செல்லலாம். சிறுகச் சிறுக எடுத்து, ஒரு பருவத்தின் சுமையைக் குறைத்துக்கொள்ளவும் வழியுண்டு. எவ்வளவு சேமிக்கலாம், எத்தனை மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்பன போன்ற விதிகளை ஆசிரியர் சங்கத்துக்கும் மாவட்டத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் தீர்மானிக்கிறது.

ஆய்வு விடுப்பு அங்கேயும் உண்டு. ஆனால், அதற்குத் தொடர்ந்து 6 ஆண்டுகள் பணியாற்றியிருக்க வேண்டும். ஆய்வுத் திட்டத்துக்கு ஒப்புதல் பெற வேண்டும். திரும்பி வந்தபின் விடுப்புக் காலத்தைப் போல் இரு மடங்கு பணியாற்ற வேண்டும். சேமித்த விடுப்புக்கு இத்தகைய விளக்கங்கள் தேவைப்படுவதில்லை. நூல் எழுதவோ, நோயுற்ற தாயைக் கவனிக்கவோ, வெறுமனே ஓய்வெடுக்கவோ அதைப் பயன்படுத்தலாம். அந்த நேரம் ஆசிரியர் தம் உழைப்பால் முன்னரே ஈட்டியது.

மறைந்திருக்கும் வட்டி

பொருளியல் மாணவன் என்ற முறையில் என்னைக் கவர்வது இதன் விலைக் கணக்கு. கூடுதல் வகுப்புக்கான மணிநேர ஊதியம், வழக்கமான ஊதியத்தை மணிக்கணக்கில் வகுத்தால் கிடைக்கும் தொகையைவிடப் பெரும்பாலும் குறைவு. அதே மணி நேரத்தைச் சேமித்து விடுப்பாக எடுத்தால், முழு ஊதியத்தின் மதிப்பு கிடைக்கிறது. அதுவும் விடுப்பு எடுக்கும் ஆண்டின் ஊதிய விகிதத்தில். ஊதிய உயர்வே இங்கு வட்டியாகிறது.

ஆசிரியருக்குச் சேமிப்பாக இருப்பது கல்லூரிக்குக் கடன். கல்லூரி இன்று உழைப்பைப் பெற்றுக்கொண்டு, விலையைப் பின்னொரு நாளில் தருவதாக வாக்களிக்கிறது. அமெரிக்க அரசுக் கணக்கியல் தர வாரியம் 2022இல் வெளியிட்ட 101ஆம் தர அறிக்கை, ஈட்டப்பட்டுச் சேர்ந்துவரும் ஊதிய விடுப்பு பயன்படுத்தப்படக்கூடியதாக இருந்தால், அதை நிறுவனத்தின் கடன்பொறுப்பாகக் காட்ட வேண்டும் என்கிறது. கணக்கேட்டில் ஏறாத வாக்குறுதி, நிதி நெருக்கடி வரும் நாளில் முதலில் கைவிடப்படும்.

மூன்றாமவர் யார்?

ஆசிரியருக்கும் கல்லூரிக்கும் இடையிலான இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத ஒருவரும் இருக்கிறார்: பகுதிநேர ஆசிரியர். முழுநேர ஆசிரியர் கூடுதலாக எடுக்கும் பாடம், பல வேளைகளில் பகுதிநேர ஆசிரியருக்குக் கிடைத்திருக்க வேண்டியது. முழுநேர ஆசிரியர் விடுப்பில் செல்லும்போது அந்த வகுப்புகளுக்கு வருபவரும் பகுதிநேர ஆசிரியரே. கலிபோர்னியச் சட்டப்படி அவர் ஒரு மாவட்டத்தில் முழுநேரப் பணிச்சுமையில் 67 சதவீதத்துக்கு மேல் கற்பிக்க இயலாது. ஆகவே, பலர் ஒன்றுக்கு மேற்பட்ட மாவட்டங்களில் கற்பித்துத்தான் வாழ்கிறார்கள். ஒருவரின் ஓய்வு, ஓய்வே இல்லாத இன்னொருவரின் தோளில் நிற்கிறது.

நம் நிலை என்ன?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள், நேரடிக் கற்பித்தலுக்கு உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரமும், இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி நேரமும் வகுத்துள்ளன. 2016இல் இந்தச் சுமையைக் கூட்ட முனைந்தபோது டெல்லியில் ஆசிரியர்கள் போராடினர். அந்த முயற்சி கைவிடப்பட்டது. விடுமுறைக் காலத்தில் பணியாற்றினால், அக்காலத்தில் மூன்றில் ஒரு பங்கு ஈட்டிய விடுப்பாகச் சேரும் என்றும் அவ்விதிமுறைகள் கூறுகின்றன. அதாவது, கூடுதல் பணியை விடுப்பாக மாற்றும் கொள்கை நமக்குப் புதிதன்று. பருவ நாட்களில் எடுக்கும் கூடுதல் பாடவேளைக்கு மட்டும் அதில் இடமில்லை.

நான் பணியாற்றிய கல்லூரியில், நிரப்பப்படாத இடம் ஒன்றின் பாடங்களைத் துறையிலிருந்த நாங்கள் மூன்று ஆண்டுகள் பகிர்ந்து நடத்தினோம். கால அட்டவணையில் என் பெயரின் முதலெழுத்து இருந்தது; பணிப்பதிவேட்டில் ஒரு வரியும் இல்லை. பணமோ விடுப்போ கிடைக்காததைவிட, நாங்கள் உழைத்ததற்குச் சான்றே இல்லாமல் போனதுதான் இன்றும் உறுத்துகிறது.

எனினும், கலிபோர்னிய முறையை அப்படியே இங்கு கொண்டுவருவதை நான் ஆதரிக்க மாட்டேன். காலிப் பணியிடத்தின் பாடங்களை ஒருவர் சுமந்து, அதற்கு ஈடாகப் பின்னர் விடுப்பில் சென்றால், அன்று இரண்டு இடங்கள் காலியாகும். நியமனத்தைத் தள்ளிப்போட விரும்பும் நிர்வாகத்துக்கு இதைவிட வசதியான சாக்கு வேறில்லை. தமிழக அரசுக் கல்லூரிகள் ஏற்கெனவே கௌரவ விரிவுரையாளர்களைப் பெரிதும் நம்பி இயங்குகின்றன. விருந்தினர் ஆசிரியருக்கு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 ரூபாய் உச்சவரம்பு என்று மானியக் குழு 2019இல் வரையறுத்த பிறகும், அதற்காக அவர்கள் போராட வேண்டியிருக்கிறது.

ஆகவே, மூன்று நிபந்தனைகள் வேண்டும். முதலாவது, கூடுதல் பாடவேளை ஒவ்வொன்றும் பருவ இறுதியில் பணிப்பதிவேட்டில் ஏற வேண்டும். இரண்டாவது, சேமிப்புக்கு உச்சவரம்பும், ஓய்வுபெறும்போது மீதமிருப்பதற்குப் பண ஈடும், அதற்கான நிதி ஒதுக்கீடும் இருக்க வேண்டும். மூன்றாவது, மகப்பேறு விடுப்பு போன்ற தற்காலிகத் தேவைக்கு மட்டுமே கூடுதல் பாடவேளை தரப்பட வேண்டும். நிரந்தரக் காலியிடத்தை நியமனத்தால்தான் நிரப்ப வேண்டும். விடுப்பில் செல்பவருக்குப் பதிலாக வருபவர் உரிய ஊதியம் பெற வேண்டும் என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை.

முதல் நிபந்தனைக்குச் செலவே இல்லை. ஒரு பதிவேடும் ஒரு கையெழுத்தும் போதும். அதையாவது வரும் பருவத்திலேயே தொடங்கலாம்.