ஒரு போன், மூன்று பிள்ளைகள்



2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகள் மூடப்பட்டபோதுதான் ஒன்லைன் வகுப்பு நம்மில் பலரது வீட்டுக்குள் வந்தது. அந்த வருடம் நவம்பர் கடைசியில் அக்கரைப்பற்று பொலிஸ் பிரிவு தனிமைப்படுத்தப்பட்டது. 2022இல் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டன. அதெல்லாம் முடிந்தும் ஒன்லைன் ரியூசன் போகவில்லை. மாதம் பிறந்தால் வகுப்புக் காசு, டேட்டாக் காசு இரண்டையும் தேடவேண்டியிருக்கிறது.

யுத்தத்திலோ 2004 சுனாமியிலோ துணையை இழந்து தறி நெய்து, இடியப்பம் அவித்துப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கும், மகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுப் பேரப்பிள்ளைகளைப் பார்க்கும் உம்மம்மாமாருக்கும் இது சிறிய செலவல்ல. அதனால் எந்த வகுப்பு நல்லது என்று கேட்பதற்கு முன், இந்தப் பிள்ளைக்கு எது பொருந்தும் என்று பாருங்கள்.

நேரடி சூம் வகுப்பில் வீடியோ ஓடினால் ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு ஜிபி அளவுக்கு டேட்டா போய்விடும். கேள்வி கேட்கும் பிள்ளைக்கு, அதுவும் சாதாரண தரக் கணிதத்துக்கு, அந்தச் செலவு பிரயோசனமானது. இருநூறு பேர் இருக்கும் வகுப்பில் வாய் திறக்காமல் இருக்கும் பிள்ளைக்கு அது தொலைக்காட்சி பார்ப்பதைப் போலத்தான். அந்தப் பிள்ளைக்குப் பதிவு செய்த பாடம் போதும். விளங்காத இடத்தில் நிறுத்தி மறுபடி பார்க்கலாம், போன் எப்போது கிடைக்கிறதோ அப்போது படிக்கலாம். ஒரு போனை மூன்று பேர் பங்கிடும் வீட்டில் இது பெரிய உதவி.

சிக்னல் இல்லாத இடத்தில் நேரடி வகுப்பை விட்டுவிடுங்கள். 2021இல் பதுளைப் பக்கம் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காகக் காட்டுவழியே நடந்து பாறை ஏறினார்கள். ஆசிரியர் குறிப்பைப் படமாகவும் விளக்கத்தைக் குரல் பதிவாகவும் வட்ஸ்அப்பில் அனுப்பினால் சொற்ப டேட்டா போதும். பிள்ளை அதைக் கொப்பியில் பார்த்து எழுதவேண்டும். எழுதாவிட்டால் படம் போனில்தான் கிடக்கும்.

ஐந்தாம் ஆண்டுக்குக் கீழே உள்ள பிள்ளையைத் தனியே திரைக்கு முன் இருத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. பக்கத்தில் நீங்கள் இருங்கள். எழுத்துத் தெரியாத தாய்கூட, "இப்ப என்ன படிச்சாய், எனக்குச் சொல்லு மகள்" என்று கேட்கலாம்.

காசு கொடுக்க முன் இலவசமாக இருப்பதையும் பாருங்கள். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழில் பாடங்கள் உண்டு. கல்வி வெளியீட்டுத் திணைக்களத் தளத்தில் பாடநூல்களை இறக்கலாம். வீட்டில் வசதி இல்லையென்றால் நூலகத்திலோ பாடசாலையிலோ கேட்டுப் பாருங்கள்.

குமர்ப் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்று. வட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் இலக்கம் அங்குள்ளவர்களுக்குத் தெரிந்துவிடும். தாயின் இலக்கத்தில் சேருங்கள். தகரக் கூரையும் கொடியில் காயும் உடுப்பும் தெரியுமே என்று கெமராவைப் போட வெட்கப்படும் பிள்ளையை அதட்ட வேண்டாம். கெமரா இல்லாமல் இருக்கலாமா என்று ஆசிரியரிடம் நீங்களே பேசுங்கள். யாராவது தனியாகச் செய்தியோ படமோ கேட்டுத் தொந்தரவு செய்தால் போனைப் பறிக்காதீர்கள். பறித்தால் அடுத்த முறை பிள்ளை உங்களிடம் சொல்லாது. வந்ததை அழிக்காமல் வைத்துக்கொண்டு, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள்.