உள்ளே போகாதே என்று யாரிடம் சொல்வது?

பேய்ப்படம் ஓடும் தியேட்டரில் ஒரு குரல் கட்டாயம் கேட்கும். கதாநாயகி மெழுகுவத்தியும் கையுமாக மாடிப்படி ஏறும்போது, பின் வரிசையிலிருந்து யாராவது "அடியே, போகாதடி!" என்பார். அரங்கமே சிரிக்கும். அவள் காதில் விழாது, ஏறியே தீருவாள். அவளுக்குத்தான் புத்தியில்லை, நமக்கு இருக்கிறது என்ற தெம்பில் நாம் சாய்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.

பழைய திகில் அட்வெஞ்சர் கேம்கள் முதலில் பிடுங்கிக்கொள்வது அந்தத் தெம்பைத்தான். இங்கே படியேற வேண்டியவர் நீங்கள். ஏறாவிட்டால் கதை ஓர் அங்குலம் நகராது. கேம் காத்திருக்கும். நீங்கள் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் அந்தப் படிக்கட்டு அங்கேயேதான் நிற்கும்.

அட்வெஞ்சர் என்றதும் துப்பாக்கியை நினைக்க வேண்டாம். இவற்றில் சுடுவதும் குதிப்பதும் குறைவு. அறை அறையாகப் போக வேண்டும், கண்ணில் பட்டதையெல்லாம் தொட்டுப் பார்க்க வேண்டும், கிடைத்ததைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும், எது எங்கே பொருந்தும் என்று மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டும். இந்த வகையை விளையாடிப் பழகியவருக்கு ஒரே ஒரு விதிதான்: எதையும் விடாதே. இழுப்பறை இருந்தால் இழு, புத்தகம் இருந்தால் படி, திரைச்சீலை தொங்கினால் விலக்கு. பிற கேம்கள் இந்த ஆர்வத்துக்குப் பரிசு கொடுக்கும். நல்ல திகில் கேம் பரிசும் கொடுக்கும், அதே கையால் கழுத்தையும் பிடிக்கும். எந்த இழுப்பறையில் எது என்று வெளியிலிருந்து தெரியாது. நான் கண்டவரை, இந்த வகையின் பயம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. பேயின் முகம், ரத்தம், திடீர் அலறல் எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

படமே இல்லாமல் இதைச் செய்து காட்டியது 1987இல் இன்ஃபோகாம் வெளியிட்ட 'தி லர்க்கிங் ஹாரர்'. எழுதியவர் டேவ் லெப்ளிங். தான் படித்த எம்.ஐ.டி.யின் சாயலில் ஒரு கல்லூரியைப் படைத்து, அதன்மேல் பனிப்புயலைக் கொட்டினார். மறுநாள் கொடுக்க வேண்டிய கட்டுரையை முடிக்க ராத்திரியில் கம்ப்யூட்டர் அறைக்கு வந்த மாணவர் நீங்கள். கட்டுரை இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ இருக்கிறது. அதைத் துரத்திக்கொண்டு ஆளில்லாத கட்டடங்களின் அடித்தளங்களில் இறங்குகிறீர்கள். எல்லாமே எழுத்து. 'கதவைத் திற' என்று நீங்களே ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி, எண்டர் பொத்தானையும் அமுக்க வேண்டும். மவுஸாவது கைதவறி அமுங்கிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு கட்டளையை முழுசாகத் தட்டச்சு செய்தவர் அப்படிச் சொல்லிவிட முடியாது.

ஐந்து ஆண்டு கழித்து, 1992இல், பிரான்சின் இன்ஃபோகிராம்ஸ் நிறுவனத்தில் ஃப்ரெடெரிக் ரேனால் உருவாக்கிய 'அலோன் இன் தி டார்க்' வந்தது. 1920களின் லூசியானா. டெர்செட்டோ என்ற பெரிய மாளிகையின் சொந்தக்காரர் தூக்கில் தொங்கிவிட்டார். விசாரிக்கப் போகிற நீங்கள் பரண் அறையில் நிற்பதிலிருந்து ஆட்டம் தொடங்குகிறது. சாதாரண அறைதான். ஒரு ஜன்னல், ஒரு அலமாரி, ஒரு மரப்பெட்டி, தரையில் இறங்கிப்போக ஒரு கதவு. சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றால் சற்று நேரத்தில் ஜன்னலை உடைத்துக்கொண்டு ஒன்று பாயும், தரைக்கதவைத் தூக்கிக்கொண்டு இன்னொன்று ஏறிவரும். அலமாரியை ஜன்னலுக்கும் பெட்டியைத் தரைக்கதவுக்கும் முன்கூட்டியே நகர்த்தி வைத்திருந்தால் இரண்டும் உள்ளே வராது. இதை யாரும் உங்களுக்குச் சொல்வதில்லை. அதற்குப் பின் அந்த வீட்டில் எந்த நாற்காலியையும் சும்மா ஒரு நாற்காலியாகப் பார்க்க முடியாது.

சரி, வீட்டை விட்டே போய்விடலாம் என்று வாசல் கதவைத் திறந்தால் வெளியே தெரு இல்லை. பிரம்மாண்டமான ஒரு வாய் காத்திருக்கிறது, ஆட்டம் முடிந்தது. நூலகத்துப் புத்தகங்களில் துப்பு இருக்கும், ஆகவே படித்தாக வேண்டும். அவற்றில் ஒன்றைத் தவறான இடத்தில் நின்று படித்தால் வாசகர் பிழைக்கமாட்டார். நடன அறையில் கிராமபோனில் சரியான இசைத்தட்டைப் போட்டால் ஆவிகள் ஜோடி ஜோடியாக ஆடத் தொடங்கும், ஒருவர் மேலும் படாமல் அவர்களுக்கு நடுவே நடந்து போய்ச் சாவியை எடுத்துவர வேண்டும். அந்த ஆவிகளை ஆட வைத்ததே நீங்கள்தான் என்பதைக் கவனியுங்கள். இன்று பார்த்தால் மனிதர்கள் அட்டையை மடித்துச் செய்த பொம்மைகளாகத்தான் தெரிகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் கேமரா அறையின் ஏதோ ஒரு மூலையில் அசையாமல் நின்று உங்களைப் பார்க்கிறதே, அதற்கு இன்னும் வயதாகவில்லை. திருப்பத்துக்கு அப்பால் என்ன என்று எட்டிப் பார்க்க வழியில்லை. நடந்து போனால்தான் தெரியும்.

இந்த வகையில் ஒன்றே ஒன்றைச் சொல் என்றால் 1995 செப்டம்பரில் ஜப்பானின் சூப்பர் ஃபேமிகாமுக்கு வந்த 'கிளாக் டவர்'ஐத்தான் சொல்வேன். ஹியூமன் நிறுவனத்துக்காக ஹிஃபுமி கோனோ இயக்கியது. டாரியோ அர்ஜெண்டோவின் 'பெனோமினா' படத்தின் பாதிப்பை அவர்கள் மறைக்கவே இல்லை, கதாநாயகிக்குக்கூட ஜெனிஃபர் என்றே பெயர். நார்வேயில், அனாதை இல்லத்துப் பெண்கள் நால்வரைத் தத்தெடுத்தவரின் மாளிகைக்கு ஆசிரியை ஒருவர் அவர்களை அழைத்து வருகிறார். வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போன ஆசிரியை திரும்பவில்லை. தேடிப் போகிறாள் ஜெனிஃபர். முதுகுக்குப் பின்னால் ஓர் அலறல். ஓடி வந்து பார்த்தால் கூடம் இருட்டிக் கிடக்கிறது, தோழிகள் யாரும் இல்லை.

இனி அவளை அந்த வீட்டில் நீங்கள் நடத்திப் போக வேண்டும். மெதுவாகத்தான் நடப்பாள். பெரும்பாலான நேரம் இசை கிடையாது, அவளுடைய காலடிச் சத்தம் மட்டும். குளியலறைத் தொட்டிமேல் ஒரு திரைச்சீலை தொங்கும். விலக்கினால், சில ஆட்டங்களில், தோழிகளில் ஒருத்தி பிணமாக இருப்பாள். தொட்டியிலிருந்து ஒரு சிறுவன் எழுவான். அவன் கையில் அவன் உயரத்துக்குப் பெரிய கத்தரிக்கோல். சரக், சரக் என்ற அந்தச் சத்தத்தோடுதான் இசையும் தொடங்கும். ஜெனிஃபரிடம் ஆயுதம் இல்லை. ஓடலாம், கட்டிலுக்கு அடியில் ஒளியலாம், கையில் அகப்பட்டதை வைத்துச் சற்று நேரம் தடுக்கலாம். பயமும் களைப்பும் ஏற ஏறத் திரையின் ஓரத்தில் அவள் முகப்படத்தின் நிறம் மாறும். சிவப்பானால் கால் தடுக்கி விழுவாள். ஒருமுறை காப்பாற்றிய ஒளிவிடம் மறுமுறை காட்டிக்கொடுக்கலாம். தோழிகளை விட்டுவிட்டுக் காரில் ஏறிப் போகவும் வழி வைத்திருக்கிறார்கள். அந்த முடிவு நல்ல முடிவாக இருப்பதில்லை.

கோனோவின் கெட்டிக்காரத்தனம் இன்னொன்றில் இருக்கிறது. திகில் கேம்களின் பெரிய எதிரி சாவுதான். ஒரே மூலையில் ஒரே பூதம் இரண்டு மூன்று தடவை கொன்றுவிட்டால், அடுத்த தடவை நாம் பயப்படுவதில்லை. வேலை முடிக்கிறோம். கிளாக் டவரில் புது ஆட்டம் தொடங்கும்போது அறைகளும் துப்புகளும் இடம் மாறலாம், நிகழ்ச்சிகளும் மாறலாம். செத்தாலும் வெகுதூரம் பின்னால் தள்ளிவிட மாட்டார்கள், அதனால் எரிச்சலும் வராது. திரைச்சீலைக்குப் பின்னால் இந்தத் தடவை ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அது இன்னும் மோசம், அப்படியானால் அவன் வேறெங்கோ இருக்கிறான்.

இந்தக் கணக்கு புரியாமல் கோட்டைவிட்டவையும் உண்டு. 'டார்க் சீட்' 1992இல் எச்.ஆர். கீகரின் ஓவியங்களோடு வந்தது. கட்டம் கட்டமாகத் தெரியும் குறைந்த தெளிவுத்திறனில் தன் படங்கள் வரக்கூடாது என்று அவர் அடம்பிடித்ததற்குப் பலன் கண்ணுக்குத் தெரிகிறது. இன்றும் கண்ணை எடுக்க முடியாது. ஆனால் ஆட்டம் மூன்று நாள் கெடுவுக்குள் ஓடுகிறது. முதல் நாள் ஒரு பொருளைத் தவறவிட்டால் கடைசி நாள்தான் தெரியும், திரும்ப முதலிலிருந்து. அங்கே பயம் போய்க் கோபம்தான் மிஞ்சுகிறது. 1993இன் 'தி செவன்த் கெஸ்ட்' சி.டி.-ராம் விற்பனைக்கே உந்துதலாக இருந்த கேம். பேய் மாளிகையில் உட்கார்ந்து கேக் வெட்டும் புதிர் போடச் சொல்கிறது. ஞாயிறு மலர் புதிர்ப் பக்கத்தைப் பார்த்து யார் நடுங்குவார்கள்? ராபர்ட்டா வில்லியம்ஸின் 'ஃபான்டஸ்மகோரியா' 1995இல் ஏழு சி.டி.க்களில் நிஜ நடிகர்களோடு வந்தது. ஆஸ்திரேலியா தடையே செய்தது. அருவருப்பு நிறைய உண்டு. ஆனால் கொலைகள் படமாக ஓடுகின்றன, நாம் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறோம். மறுபடியும் தியேட்டர் இருக்கைதான்.

அதே 1995இல் ஹார்லன் எலிசன் தன் பழைய சிறுகதையை 'ஐ ஹேவ் நோ மவுத், அண்ட் ஐ மஸ்ட் ஸ்க்ரீம்' என்று கேமாக்க உதவினார். மனிதர்களை வதைக்கும் எந்திரத்துக்கு அவரே குரலும் கொடுத்தார். அதில் ஒரு பாத்திரம் நாஜி முகாமில் வேலை பார்த்த மருத்துவர். அந்த ஆளாக அறுவை அறைக்குள் நுழைந்து, மேசையில் கிடப்பவரைப் பார்த்து, அடுத்து என்ன செய்வது என்று கிளிக் பண்ண வேண்டியவர் நீங்கள். பேய் எதுவும் தேவைப்படவில்லை.

இவற்றை இன்று விளையாடப் பெரிய கம்ப்யூட்டர் வேண்டியதில்லை, பொறுமைதான் வேண்டும். கிளாக் டவர் பல ஆண்டுகள் அதிகாரபூர்வமாக ஜப்பானிய மொழியில் மட்டும் கிடைத்தது. 2024இல் 'ரிவைண்ட்' என்ற பெயரில் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. அதில் தொடங்குங்கள், ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். முதல் ஆட்டத்தில் இணையத்து வழிகாட்டியைத் திறக்காதீர்கள், எந்தக் கதவில் எது என்று தெரிந்தபின் விளையாட ஒன்றும் மிஞ்சாது. அலோன் இன் தி டார்க்குக்கு மட்டும் ஒரு விலக்கு தருகிறேன். மாளிகைக்கு அடியில் குகைகளுக்குள் தாவித் தாவிப் போகும் பகுதி வெறும் விரல் பயிற்சி. அங்கே வழிகாட்டியைத் தாராளமாகத் திறந்து வைத்துக்கொள்ளலாம்.