விடுதிக்குப் புறப்படும் பிள்ளைக்கு

நெடுந்தீவிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். அவருடைய மகனுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அனுமதி கிடைத்திருக்கிறது. "எங்கள் குடும்பத்தில் இதற்கு முன் ஒருவரும் பல்கலைக்கழகம் போனதில்லை. விடுதிக்கு என்னென்ன கொடுத்துவிட வேண்டும் என்று தெரியவில்லை. நான் எழுதிய பட்டியலைத் திருத்தித் தாருங்கள்" என்பது அவர் வேண்டுகோள். பட்டியலை எண்ணிப் பார்த்தேன். 43 பொருள்கள் இருந்தன. கடிதத்தின் முடிவில், கையெழுத்துக்கு மேலே, சிறிய எழுத்தில் இன்னும் ஒரு வரி: "பகிடிவதை என்கிறார்களே, அதை நினைத்தால் நித்திரை வருவதில்லை."

இந்நாள்களில் இத்தகைய பட்டியல் எழுதப்படும் வீடுகள் பலவாதலின், அத்தாயாருக்கு எழுதவேண்டிய மறுமொழியை இப்பகுதியிலேயே எழுதுகிறேன்.

நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய இடங்களிலிருந்து படிக்கப் புறப்படும் பிள்ளை முதலிற் காலூன்றும் கரை குறிகட்டுவான் துறையாகும். நயினாதீவுப் படகு கால்மணி நேரத்தில் அங்கே வந்துவிடும். நெடுந்தீவிலிருந்து வர ஏறத்தாழ ஒருமணி நேரம் செல்லும். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை, அல்லைப்பிட்டி, மண்டைதீவுச் சந்தி ஆகியவற்றைக் கடந்து, பண்ணைப் பாலம் வழியாகப் பேருந்து யாழ்ப்பாணம் சேரும். ஏனைய ஊர்ப் பிள்ளைகள் பெட்டியை வீட்டு வாசலில் வாகனத்தில் ஏற்றி விடுதி வாசலில் இறக்கலாம். நம் தீவுப் பிள்ளையோ படகில் ஏற்றி, துறையில் இறக்கி, பேருந்தில் ஏற்றி, நகரில் இறக்கி, மீண்டும் வேறொரு பேருந்தில் ஏற்றவேண்டும். இதனை மனத்திற் கொண்டே பொருள்களைத் தெரிதல் வேண்டும்.

யான் இப்பாடத்தைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2002 ஆம் ஆண்டு ஏ-9 பாதை திறக்கப்பட்டதன் பின் யான் பேராதனைக்குப் புறப்பட்டேன். நயினாதீவில் எங்கள் வீட்டிலிருந்த பெரிய றங்குப்பெட்டியில் என் தாயார் ஒரு குடும்பத்துக்குப் போதுமான பொருள்களை அடுக்கியிருந்தார். அப்பெட்டியைத் துறையில் இறக்க இருவர் வேண்டியிருந்தனர். முகமாலையிலும் ஓமந்தையிலும் சோதனைச் சாவடிகளில் அது திறக்கப்பட்டது. அம்மா மடித்து வைத்தவை யாவும் மேசைமீது பரப்பப்பட்டன. அவற்றுள் பத்துத் தேங்காய்களும் இருந்தன! பேராதனையில் தேங்காய் கிடையாதென்று அம்மாவுக்கு எவர் சொன்னாரோ, அறியேன். இவ்வளவும் இருந்த பெட்டியில் ஒரு போர்வை இல்லை. கடற்கரையிற் பிறந்து வளர்ந்த எங்களுக்குப் போர்வை நினைவுக்கு வரவில்லை. முதலிரவு இரண்டு சாரங்களை ஒன்றன்மேலொன்றாகப் போர்த்துக்கொண்டு விடியும்வரை விழித்திருந்தேன்.

ஆகவே முதல் விதி இது: பிள்ளை தன் இரு கைகளாலும் தானே தூக்கிக்கொண்டு துறைப் படியில் ஏறக்கூடிய அளவே பொருள் இருக்கவேண்டும். தோளில் மாட்டும் பை ஒன்று, கையிற் பிடிக்கும் பை ஒன்று, இவ்விரண்டும் போதும். போகும் ஊரிலும் கடைகள் உண்டு. வாளி, கோப்பை, தும்புத்தடி, உடுப்புக் கொழுவி முதலியவற்றை அங்கேயே வாங்கலாம். அறைத்தோழர் நால்வரும் நான்கு தும்புத்தடி வாங்கவேண்டியதில்லை என்பதும் அங்கே போனபின்னரே தெரியவரும்.

இரண்டாவது விதி, போகும் ஊரின் தன்மையை அறிந்து பொருளைத் தெரிவது. பேராதனைக்கும், பெலிகுல்லோயாவிலுள்ள சப்ரகமுவப் பல்கலைக்கழகத்துக்கும், பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்துக்கும் போவோர் தடித்த போர்வை ஒன்றும், கம்பளிச் சட்டை ஒன்றும், நல்ல குடை ஒன்றும் கட்டாயம் கொண்டுபோகவேண்டும். வந்தாறுமூலைக்கும் ஒலுவிலுக்கும் போவோருக்குக் கம்பளி வேண்டியதில்லை. மெல்லிய பருத்தி உடைகளே உகந்தவை. நுளம்பு வலை எங்கே போவோருக்கும் வேண்டும். திருநெல்வேலியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலோ, கிளிநொச்சி அறிவியல் நகரிலோ படிக்கப்போகும் பிள்ளைகள், "பக்கத்திலேதானே" என்று வலையை விட்டுவிடலாகாது. மாரிகாலத்தில் டெங்குக் காய்ச்சல் யாழ்ப்பாணத்தையும் விட்டுவைப்பதில்லை.

இனிப் பட்டியலுக்கு வருவோம். படுக்கைக்கு விரிப்பு இரண்டு, தலையணை உறை இரண்டு. குளிக்கத் துவாய் இரண்டு, சாரம் அல்லது குளிக்கும் உடை, இறப்பர்ச் செருப்பு, சவர்க்காரப் பெட்டி. உடுக்க ஒரு கிழமைக்குப் போதுமான உடை; அதற்குமேல் வேண்டாம். பொது நிகழ்ச்சிக்கு ஏற்ற உடை ஒன்று. கோயிலுக்குப் போக வேட்டியோ சேலையோ ஒன்று. உண்ணத் தட்டு ஒன்று, குவளை ஒன்று, கரண்டி ஒன்று, மூடி இறுக்கமான தண்ணீர்ப் போத்தல் ஒன்று. அலுமாரிக்கு நல்ல பூட்டு ஒன்று, திறப்பு இரண்டு. ஒரு திறப்பை வேறிடத்தில் வைத்திருத்தல் நன்று. ஊசி, நூல், சிறு கத்தரிக்கோல். மின்சாரம் நின்றுபோகும் இரவுக்கு ஒரு சிறு கைவிளக்கு. மருந்துப் பையிற் பனடோல், காயத்துக்குக் கட்டும் துணி, உப்புக்கரைசற் பொடி, வைத்தியர் முன்பே எழுதித் தந்த மருந்துகள், அவற்றின் துண்டு. நீர் சூடாக்கும் மின்கருவியையும் சமைக்கும் அடுப்பையும் பல விடுதிகளில் அனுமதிப்பதில்லை. விடுதி விதிகளை வாசித்தபின்னரே அவற்றை வாங்குதல் வேண்டும்.

தின்பண்டம் கொடுக்கவேண்டாமென்று எந்தத் தாய்க்கும் சொல்ல யான் துணியேன். ஆனால் பயணத்திற் பழுதாகாதவற்றையே கொடுங்கள். புழுக்கொடியல், பனங்கட்டி, எள்ளுப்பாகு, வறுத்த மா, வீட்டு மிளகாய்த்தூள் ஆகியவை மாதக் கணக்கில் இருக்கும். புழுக்கொடியலை உடைத்துப் பகிர்ந்துண்ட அறையில் நட்பு விரைவில் உண்டாகும்.

பத்திரங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சைப் பெறுபேறு, அனுமதிக் கடிதம், புகைப்படங்கள் ஆகியவற்றை நீர் புகாத உறையிலிட்டு, பிள்ளை தன் தோட்பையிலேயே வைத்திருக்கவேண்டும். சோளகக் காற்றுக் காலத்திற் படகின் ஓரத்தில் அமர்ந்தவர் நனையாமற் கரை சேர்வதரிது. எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வீட்டிலே வையுங்கள். கடல் கொந்தளித்தாற் படகு ஓடாது; பல்கலைக்கழகமோ நம் கடலுக்காகப் பதிவு நாளை மாற்றாது. ஆகவே ஒருநாள் முன்னரே யாழ்ப்பாணம் வந்து, உறவினர் வீட்டில் தங்கிப் புறப்படுங்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 1981 இல் ஆரம்பிக்கப்பட்ட மகாபொல புலமைப்பரிசில், நம்போன்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பெருந்துணையாகும். 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அதன் மாதத் தொகை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஆயினும் முதற் கொடுப்பனவு கைக்கு வரச் சில மாதங்கள் செல்வதுண்டு. அதனை நம்பி வெறுங்கையோடு அனுப்பலாகாது. முதல் மூன்று மாதச் செலவை முன்கூட்டியே ஒதுக்கி, அதை ஒரே தடவையிற் கொடாமல் மாதந்தோறும் வங்கியில் இடுங்கள். விடுதி எல்லா ஆண்டும் கிடைக்குமென்பதும் நிச்சயமன்று. இடைப்பட்ட ஆண்டுகளில் வெளியே அறை எடுக்கவேண்டிய நிலை பலருக்கு வரும்; அதற்கும் சிறிது சேமித்தல் வேண்டும்.

இவ்வளவும் பட்டியலைப் பற்றியது. இனி அத்தாயார் சிறிய எழுத்தில் எழுதிய வரிக்கு வருகிறேன்.

அவருடைய அச்சம் வீணானதன்று. 1997 இல் பேராதனைப் பொறியியற் பீடத்தின் முதலாம் ஆண்டுத் தமிழ் மாணவர் ஒருவர், பகிடிவதையின்போது அளவுக்குமீறிய உடற்பயிற்சி செய்விக்கப்பட்டமையாற் சிறுநீரகம் செயலிழந்து உயிர்நீத்தார். யான் புறப்பட்ட நாளில் என் தாயார் மனத்திலும் அச்செய்தியே இருந்தது. மறு ஆண்டே, 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம், கல்வி நிறுவனங்களிற் பகிடிவதையைக் குற்றமாக்கியது. அச்சட்டத்தின்படி பகிடிவதை செய்பவருக்கு இரண்டாண்டுவரை கடூழியச் சிறைத்தண்டனை விதிக்கலாம்; பாலியல் தொல்லையோ கொடுங்காயமோ விளைந்தால் அத்தண்டனை பத்தாண்டுவரை செல்லும். சட்டம் வந்தபின்பும் வதை முற்றாக ஒழிந்துவிடவில்லை. ஏனெனில், துன்புற்ற பிள்ளை வாய்திறந்து முறையிட்டாலன்றிச் சட்டம் தானாக எழுந்து வருவதில்லை.

நம் தீவுப் பிள்ளைகள் பொறுமைசாலிகள். தண்ணீரை அளந்து செலவிடவும், படகுக்குக் காத்திருக்கவும், இல்லாததை இல்லையென்று சொல்லாமலிருக்கவும் பழகியவர்கள். இக்குணம் வீட்டிலே அழகு. விடுதியில் அதுவே ஆபத்தாகலாம். யான் சேர்ந்த ஏழாவது கிழமை எனக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. ஒருவருக்கும் சொல்லாமல் மூன்று நாள் படுத்திருந்தேன். வீட்டுக்குச் சொன்னால் அம்மா அழுவார். அறையிலே சொல்ல எனக்குச் சிங்களம் தெரியாது. மூன்றாம் நாள் இரவு, குருநாகலைச் சேர்ந்த அறைத்தோழன் என் நெற்றியிற் கைவைத்துப் பார்த்து, "உண, உண" என்றான். உண்ணும்படி சொல்கிறான் என்றெண்ணி யான் தலையை ஆட்டி மறுத்தேன். சிங்களத்தில் 'உண' என்றாற் காய்ச்சல் என்பதைப் பின்னரே அறிந்தேன். அவன் என்னைத் தாங்கிப் பிடித்துப் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசென்றான். அப்படியொரு நிலையம் இருப்பதையே அன்றுவரை யான் அறியேன். இன்னும் ஒருநாள் தாமதித்திருந்தால் நிலைமை கைமீறியிருக்கும் என்று வைத்தியர் கூறினார். என் றங்குப்பெட்டியிலிருந்த எந்தப் பொருளும் அன்று எனக்கு உதவவில்லை.

ஆதலால், மாணவச் செல்வங்களே, முதற் கிழமையிலேயே நான்கு காரியங்களைச் செய்துவிடுங்கள். மருத்துவ நிலையம் எங்கே என்று நேரிற் போய்ப் பாருங்கள். விடுதிப் பொறுப்பாளர், மாணவ ஆலோசகர் ஆகியோரின் தொலைபேசி இலக்கங்களைக் கைத்தொலைபேசியில் மட்டுமன்றி ஒரு தாளிலும் எழுதி வையுங்கள். அறைத்தோழரின் மொழியிற் பத்துச் சொற்களையேனும் கற்று, நம் மொழியிற் பத்துச் சொற்களை அவர்க்குக் கற்பியுங்கள். எவரேனும் உடலையோ மனத்தையோ வருத்தினால், அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். பல்கலைக்கழகத்திற் சொல்லத் தயங்கினாற் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு நேரே முறையிடலாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. தொலைபேசியில், "சாப்பிட்டாயா, படித்தாயா" என்று மட்டும் கேட்டாற் பிள்ளை, "ஓம்" என்று மட்டுமே சொல்லும். "உன் அறையில் யார் யார் இருக்கிறார்கள்? இன்றைக்கு யாரோடு இருந்து சாப்பிட்டாய்?" என்று கேளுங்கள். அந்த மறுமொழியிற் பிள்ளையின் நிலை தெரியும். "எது நடந்தாலும் எங்களிடம் சொல்லலாம்; படிப்பை விட்டுத் திரும்பி வந்தாலும் நீ எங்கள் பிள்ளைதான்" என்று புறப்படுமுன் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள். இது சொல்லாமலே பிள்ளைக்குத் தெரியும் என்று எண்ணியிருக்கவேண்டாம். என் தந்தையாரும் அப்படித்தான் எண்ணியிருந்தார்.

நெடுந்தீவுத் தாயாரின் பட்டியலில் 43 இல் 19 பொருள்களை வெட்டியிருக்கிறேன். அவர் மறந்திருந்த இரண்டைச் சேர்த்திருக்கிறேன்: ஒன்று போர்வை, மற்றையது பூட்டு. பட்டியலைத் தபாலில் அனுப்புகிறேன். மகன் புறப்படும் நாளிற் கடல் அமைதியாயிருக்க நயினை நாகபூசணி அம்பாள் அருள்புரிவாளாக. அம்மையாரே, துறைவரை நீங்களும் போய் வழியனுப்புங்கள். பைகளை மட்டும் அவரே தூக்கட்டும்.