எலி செத்தால்தான் நஞ்சா?

பழவங்காடியை அடுத்த சாலைக் கம்போளமானாலும் காசர்கோட்டுச் சிற்றூர்க் கடையானாலும், பூச்சிமருந்துக் குப்பியின் மேல் ஒரு சாய்சதுரம் இருக்கும். அதன் கீழ்ப்பாதியின் நிறத்தைத் தீர்மானிப்பது எல்டி50 என்னும் எண். வாய்வழியாக ஒரு கிலோ உடல் எடைக்கு 50 மில்லிகிராம் வரை சிவப்பு, 500 வரை மஞ்சள், 5,000 வரை நீலம், அதற்கும் மேல் பச்சை. 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகள் வகுத்த இப்பட்டியலை மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். அந்த எண் எந்தக் கேள்விக்கு விடை என்பதைப் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை.

கேள்வி மிகச் சிறியது: ஒரே வேளையில் எவ்வளவு ஊட்டினால் எலிகளில் பாதி சாகும்? பதினான்கு நாள் காத்திருந்து எண்ணுவது வழக்கம். பதினைந்தாம் நாள் உயிரோடிருக்கும் எலியின் கரு பின்னர் சிதைந்தாலும், அதன் குட்டி ஊனமாய்ப் பிறந்தாலும் அந்த எண் மாறாது. 1927இல் டிரெவன் இம்முறையை முன்வைத்தது டிஜிடாலிஸ், இன்சுலின் போன்ற மருந்துகளின் வீரியத்தைத் தரப்படுத்துவதற்காக. அப்பணிக்கு அது தகுந்த அளவுகோல்தான். அதையே ஊர்மேல் தெளிக்கும் நஞ்சுக்கு நற்சான்றாக்கியது பின்வந்தவர்களின் சோம்பல். (நஞ்சை மருந்தென்றே அழைத்துப் பழகிய நாவும் இதற்குத் துணை.) தாலிடோமைடு எலிகளை எளிதில் கொல்லவில்லை, அந்தப் பெருமையோடுதான் 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறையோடு பிறந்த பின்னரே, 1961இல், அது திரும்பப் பெறப்பட்டது.

எண்டோசல்பானின் வாய்வழி எல்டி50 எலிக்குச் சுமார் 80 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் அது ‘மிதமான தீங்கு’ வகையைச் சேர்ந்தது. காசர்கோட்டில், கேரளத் தோட்டக் கழகத்தின் முந்திரிக் காடுகள்மேல் இருபதாண்டுகளுக்கும் மேலாக ஹெலிகாப்டரில் அதைத் தெளித்தார்கள். அங்கே யாரும் ஒரே வேளையில் 80 மில்லிகிராம் விழுங்கவில்லை. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக, சுரங்க நீரிலும் காற்றிலும் அது வந்து சேர்ந்தது. அகமதாபாத் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவன ஆய்வாளர்கள் தோட்டத்தடியில் வாழ்ந்த 117 சிறுவர்களை, தெளிப்புக்கு ஆளாகாத 90 சிறுவர்களோடு ஒப்பிட்டு 2003இல் கட்டுரை வெளியிட்டார்கள். எண்டோசல்பான் ஆண்பிள்ளைகளின் பருவ வளர்ச்சியைத் தாமதப்படுத்தக்கூடும் என்பது அவர்கள் முடிவு. இக்கேள்வியை எல்டி50 பட்டியலால் எழுப்பவே இயலாது.

காசர்கோட்டு நோய்கள் அனைத்தும் எண்டோசல்பானால் வந்தவையா என்று ஐயுறும் வேளாண் அறிஞர்கள் உண்டு. ஐயுறட்டும், மக்களிடையே நடத்தும் ஆய்வுகளைக் கொண்டு வாதிடட்டும். ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்ற பழமொழியைச் சொல்லி, எலிக் கணக்கைக் காட்டி வாயடைக்க முயல்வது அறிவியலாகாது. அளவு என்றால் எத்தனை ஆண்டுகளின் அளவு, எந்த வயதில், யார் வயிற்றில் என்று சொல்ல வேண்டிய கடமை அவர்களுடையது.

2002இல் ஓஈசிடி அமைப்பு பழைய எல்டி50 சோதனை நெறியைக் கைவிட்டது. அதற்கும் காரணம் சாகும் விலங்குகளின் எண்ணிக்கைதான். மாற்றாக வந்த முறைகளில் எலிகள் குறைந்தன, கேள்வி அதேதான்.

2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானைத் தடை செய்தது. 2017 ஜனவரியில், பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 லட்சம் ரூபாயை மூன்று மாதத்திற்குள் கொடுக்கச் சொன்னது. 2019 ஜனவரி இறுதியிலும் காசர்கோட்டுத் தாய்மார்கள் பிள்ளைகளோடு திருவனந்தபுரம் வந்து, பழவங்காடிக்குச் சற்று வடக்கே, தலைமைச் செயலகத்தின் முன் பட்டினிப் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. நிறப்பட்டியலைத் தேர்வுக்கு வைக்கும் துறைகள், அதே தாளில் அந்த 2003ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்தும் ஒரு வினாவைச் சேர்க்கட்டும்.