கிருமி வந்த வழி

ஒரு வார்டில் அடுத்தடுத்து இருவருக்கு ஒரே கிருமி கண்டால், அது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியதா, அல்லது இருவருமே வெளியிலிருந்து கொண்டுவந்தனரா? வழக்கமான பரிசோதனை கிருமியின் பெயரையும், அது எம்மருந்துக்கு அடங்கும் என்பதையும் சொல்லும். வந்த வழியைச் சொல்ல வல்லது மரபணு வரிசை ஆய்வே.

அடுத்தவள் நோட்டைப் பார்த்து எழுதுபவள் அதிலுள்ள பிழைகளையும் சேர்த்தே எழுதிவிடுவாள். (நம் ஆசிரியைகளுக்கு இது நன்றாகத் தெரியும்!) கிருமியும் பெருகும்போது தன் மரபணுவில் சிற்சில பிழைகள் செய்கிறது. கிளெப்சியெல்லா என்னும் பாக்டீரியாவில் 50 லட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துகள் உண்டு. அவற்றைப் படித்துப் பிழைகளை ஒப்பிட்டால், யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

2011இல் அமெரிக்காவின் பெதஸ்தா நகரில், தேசிய சுகாதார நிலையத்தின் மருத்துவமனையில் 18 பேருக்கு இக்கிருமி பரவியது. பதினொருவர் இறந்தனர், அவர்களுள் அறுவர் இக்கிருமியாலேயே மாண்டனர். முதல் நோயாளி வீடு திரும்பி மூன்று வாரம் கழிந்த பின்னரே இரண்டாமவரிடம் அது தென்பட்டது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்றுதானே எவரும் எண்ணுவர்? அம்முதல் நோயாளியிடமிருந்தே யாவும் தொடங்கின என்று வரிசை ஆய்வு காட்டிற்று. நோயின் அறிகுறியே இன்றிக் குடலில் கிருமியைச் சுமந்தவர்களும் இருந்தனர். நம் குடலில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்வது ஏன் அவசியம் என்பது இதனால் புரிகிறது.

நம் தமிழக அரசு 2021 செப்டம்பரில் சென்னையில் இதற்கென ஆய்வகம் திறந்தது. அதற்குமுன் கொரோனா மாதிரிகளைப் பெங்களூருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. மகிழ்ச்சியே! ஆயினும் இவ்வசதி கொரோனாவோடு நின்றுவிடாமல், மருத்துவமனைக்குள்ளேயே குடியிருக்கும் கிருமிகளுக்கும் பயன்பட வேண்டும். திருச்சிக்கும் எட்ட வேண்டும் என்கிறோம். ஸ்ரீரங்கத்தில் படுத்திருந்த நோயாளி காவிரிப் பாலம் கடந்து புத்தூர் பெரிய மருத்துவமனைக்கு வருகிறார். புதுக்கோட்டையிலிருந்தும் பெரம்பலூரிலிருந்தும் வருகிறார்கள். கிருமியும் உடன் வரும். செலவு மிகும் என்பர் சிலர். மருந்துக்கு அடங்காத கிருமி பரவிய பின் ஆகும் செலவை யார் கணக்கிட்டார்கள்?

ஒன்றுக்கு மட்டும் அஞ்சுகிறோம். வழி தெரிந்தவுடன் பழி ஆயாவின் மீதும் இரவுப்பணி நர்ஸ் மீதும் விழுந்துவிடக் கூடாது. பெதஸ்தாவில் அக்கிருமி கைகழுவும் தொட்டியின் வடிகுழாயிலும், சுத்தம் செய்யப்பட்ட சுவாசக் கருவியிலும் இருந்தது. ஆய்வின் முடிவை வார்டில் உழைப்பவர்களிடமே முதலில் காட்டட்டும். எந்தக் குழாய் அடைத்திருக்கிறது, எந்தக் கட்டிலைத் துடைக்க ஆளில்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.