நகலெடுத்தால் கலை செத்துவிடுமா?

நவராத்திரி நெருங்கினால் மயிலாப்பூர் வடக்கு மாட வீதி முழுக்க பொம்மைக் கடைகள்தான். களிமண் பொம்மைகளுக்கு நடுவே மரச் சொப்புகளும் இருக்கும். குடம், உரல், உலக்கை, சட்டி, திருகை என்று சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக அரக்கு மினுங்கும். ஒன்றைக் கையில் எடுத்தவுடன் வரும் முதல் கேள்வி, "இது கையால செஞ்சதா, மெஷினா?" அடுத்த கேள்வி, "இத்துனூண்டு சொப்புக்கு இவ்வளவு விலையா?" இரண்டையும் கேட்பது ஒரே வாய் என்பதுதான் வேடிக்கை!

கடைசல் வேலையில் இந்த "மெஷின்" என்ற பழி சுலபமாக விழுவது லேத்தில் பொருத்தும் டூப்ளிகேட்டர் மேல். அது வந்தால் கைவினை செத்துவிடும், எல்லாமே அச்சு வார்த்தது போல ஆகிவிடும் என்று ஒரு வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கருவி என்ன செய்கிறது என்று பார்த்தவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள்.

விஷயம் ரொம்ப எளிது. வேண்டிய வளைவை ஒரு பிளைவுட் பலகையில் வெட்டி, லேத்துக்கு இணையாகப் பொருத்த வேண்டும். ஏற்கெனவே கடைந்த ஒரு உருப்படியையே மாதிரியாக வைக்கிறதும் உண்டு. ஒரு தட்டில் ஒரு முள்ளும் ஒரு வெட்டுமுனையும் இருக்கும். முள் மாதிரியைத் தடவிக்கொண்டு போகும், வெட்டுமுனை அதே வளைவைச் சுழலும் மரத்தில் எடுக்கும். ஒரேயடியாக இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை ஓட்ட வேண்டும். தட்டைத் தள்ளுவது மனிதக் கைதான். இந்த யோசனையும் புதிதல்ல. மாதிரியைப் பார்த்துத் துப்பாக்கிக் கட்டைகளைக் கடையும் இயந்திரத்துக்கு தாமஸ் பிளான்சார்ட் என்ற அமெரிக்கர் 1819லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்.

இதனால் முடியாதது என்ன என்று பாருங்கள். முள்முனையின் அகலத்தைவிடக் குறுகிய பள்ளம் இதற்கு வராது. வெட்டுமுனை மரத்தைச் சுரண்டுவதால் நார் பிய்ந்து நிற்கும். உளியோ உப்புத்தாளோ பிடித்துத்தான் சரி செய்ய வேண்டும். நீளமான மெல்லிய கட்டை நடுவில் அதிரும். அதற்கு முட்டுக் கொடுக்கத் தெரிய வேண்டும். இத்தனைக்கும் மேல், இது எடுப்பது வெளி வளைவு மட்டுமே. சொப்பின் உட்பக்கத்தைக் குடைவதும், மூடியை இறுக்கமாக உட்கார வைப்பதும் கடைசல்காரரின் வேலை. சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தி, உரசும் சூட்டில் உருக்கி, தாழை ஓலையால் தேய்த்து மெருகேற்றுவதற்கு எந்த பிளைவுட் மாதிரியும் உதவாது.

இன்னொரு உண்மை. கடைசல்காரர்கள் எப்போதுமே நகலெடுத்தவர்கள்தான்! ஒரு குச்சியில் அளவுகளைக் குறித்து வைத்து, காலிப்பர் பிடித்துப் பார்த்து, முதல் உருப்படி போலவே நூறாவதையும் கொண்டுவருவதுதான் தொழில் சுத்தம். மாடிப்படிக் கைப்பிடியில் வரிசையாக நிற்கும் கடைசல் கால்களில் ஒன்று பருமனாக இருந்தால் யாரும் "ஆஹா, கைவினை!" என்று மெச்ச மாட்டார்கள். அடையாறில் ஒரு பழைய வீட்டு மாடிப்படியில் இரண்டு கால்கள் உடைந்தால், மீதிக் கால்களோடு ஒத்துப்போகும் இரண்டுதான் வேண்டும். சதுரங்கத்தில் பதினாறு சிப்பாய்கள். பதினாறு விதமாக இருந்தால் யார் வாங்குவார்கள்?

முன்பெல்லாம் ஒருவர் கயிற்றை இழுக்க இன்னொருவர் கடைந்தார். பிறகு மின்மோட்டார் வந்தது. அம்பாசமுத்திரம் சொப்பையோ சென்னப்பட்டணம் பொம்மையையோ மோட்டாரில் கடைந்தது என்பதற்காக யாரும் ஒதுக்குவதில்லை. அப்படியிருக்க, மோட்டார் ஓடலாம், முள் மட்டும் கூடாது என்பது என்ன நியாயம்?

எதிர்த்தரப்பில் இரண்டு நல்ல கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, இளைஞர்கள் உளி பிடிக்கக் கற்காமல் போய்விடுவார்களே? நியாயமான பயம். அதற்கு வழி, முதல் உருப்படியைக் கையால் கடையத் தெரிந்த பிறகே டூப்ளிகேட்டரைத் தொட விடுவது. நல்ல மாதிரி இல்லாமல் நல்ல நகல் கிடையாது. தப்பான மாதிரி நூறு தப்புகளைப் பெற்றுப் போடும்.

இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது. வேலை வேகமானால் உருப்படிக்குக் கொடுக்கும் கூலியை வியாபாரி குறைத்துவிட மாட்டாரா? குறைக்கத்தான் பார்ப்பார். ஆனால் அது கருவி யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்த விஷயம். கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சி லேத் வாங்கப் பெரிய முதல் வேண்டும். டூப்ளிகேட்டர் அப்படியல்ல. பலகை, இரும்புக் கம்பி, பேரிங் கிடைத்தால் ஒற்றை லேத் பட்டறைக்காரர் தானே செய்துகொள்ளலாம். பெரிய தொழிற்சாலைக்கு எதிரே சின்னப் பட்டறை தாக்குப்பிடிக்க உதவும் கருவி இது. இதையும் பிடுங்கிவிட்டு "கலையைக் காப்பாற்றினோம்" என்று சொன்னால், ஆர்டர் அந்தத் தொழிற்சாலைக்குப் போகும். இல்லையென்றால் பிளாஸ்டிக் சொப்புக்குப் போகும்.

ஏமாற்று எங்கே இருக்கிறது தெரியுமா? டூப்ளிகேட்டரில் கடைந்ததை "முழுக்கக் கையால் செய்தது" என்று சீட்டு ஒட்டி விற்பதில். அதைக் கண்டியுங்கள், நூறு சதவீதம் சரி. உளியால் மட்டுமே கடைந்ததற்குத் தனி விலை வையுங்கள், கேட்டதைக் கொடுத்து வாங்குங்கள்.

அதை விட்டுவிட்டு, பேரமும் பேசுவேன், கடைசல்காரர் நாள் முழுக்க ஒரே வளைவை உளியாலேயே கடைந்து முதுகு ஒடியவும் வேண்டும் என்பது கலை ரசனை அல்ல. அடுத்தவர் முதுகில் வளர்க்கும் ரசனை!